சந்தேகத்தின் பலன்

என் தம்பி கிளிட்டஸ் கொலைகாரன் இல்லை என்பது எனக்குத் தெரியும். கடவுள் இல்லை என்பதும் தெரியும். இந்த இரண்டையும் நான் யாரிடமும் மறைத்ததில்லை. மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரே படகு எஞ்சின் உதிரிபாகக் கடை வைத்திருக்கிறேன். என் கடையில் ஒரு பொருள் ஓடும், இல்லாவிட்டால் ஓடாது. ஓடுமோ ஓடாதோ என்று எதையாவது கொண்டுவந்து மேசையில் வைத்தால், அப்படியே எடுத்துக்கொண்டு போகச் சொல்லிவிடுவேன். மனிதர்களிடமும் இந்தப் பெனிட்டா அப்படித்தான். அதனால்தான் ஐகோர்ட்துரை அண்ணாச்சி கோர்ட்டில் சாட்சி சொல்வதற்கு முந்தின வாரம் முழுக்க என்னைப் பாடாய்ப் படுத்திவிட்டார்.

பேரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். ஆறுமுகமங்கலத்துச் சுடலைமாடனுக்கு ஐகோர்ட் மகாராஜா என்று பேர். எங்கள் பக்கத்தில் பிள்ளைகளுக்கு அந்தப் பேரை வைப்பது சாதாரணம். சாமி பேரையும் கோர்ட் பேரையும் சேர்த்துச் சுமந்து திரிகிற இந்த மனிதருக்குச் சாமி உண்டா இல்லையா என்று சொல்லத் தெரியாது. அதையும் கோர்ட்டில் நின்று சொல்ல வேண்டியதாகிப்போனது எங்கள் தலைவிதி. தலைவிதி என்று நான் சொல்லக் கூடாதுதான். வேறு வார்த்தை வாயில் வரவில்லை.

நடந்தது இதுதான். வியாகுலம் முதலாளியின் விசைப்படகில் கிளிட்டஸ் வேலை பார்த்தான். ஏதோ வாய்த்தகராறில் அவர் அவனை இறக்கிவிட்டுவிட்டார். இவன் சும்மா வந்திருக்கலாம். கடற்கரையில் நாலு பேர் கேட்க, படகையே கொளுத்திவிடுவேன் என்று கத்திவிட்டு வந்தான். மறுநாள் சாயங்காலம் நல்ல மழை. அந்த மழையிலும் படகு எரிந்தது. உள்ளே காவலுக்குப் படுத்திருந்த அம்புரோஸ் தாத்தா வெளியே வரவில்லை. துறைமுக வாசலில் தேநீர்க் கடை போட்டிருக்கும் சந்தனமாரி, கிளிட்டஸ் ஓடியதைக் கண்ணால் பார்த்ததாகச் சொன்னாள். கிளிட்டஸோ, மழை விடும்வரை வேறொரு படகின் கேபினில் அதன் டிரைவர் ஐகோர்ட்துரையோடு பேசிக்கொண்டே இருந்ததாகச் சொன்னான். அவரும் போலீசில் ஆமாம், என் கேபினில்தான் இருந்தான் என்று சொல்லியிருந்தார். எங்களுக்கு இருந்த ஒரே சாட்சி அவர்தான்.

பழைய காலமாக இருந்தால் இத்தோடு கவலை விட்டது. இப்போது கோர்ட்டில் சூடம் இருக்கிறது. அரசாங்கம் வைத்த பேர் உறுதிமானி. உள்ளங்கையை வைக்க ஒரு தட்டு, நெற்றியில் ஒட்ட ஒரு வில்லை, மேலே ஒரு விளக்கு, அவ்வளவுதான். சூடத்தை அடித்துச் சத்தியம் பண்ணிப் பழகிய சனம் அதைப் பார்த்த அன்றைக்கே சூடம் என்று பேர் வைத்துவிட்டது. சாட்சிக் கூண்டில் ஏறினால் முதலில் அதில் கை வைக்க வேண்டும்.

எங்கள் வக்கீல் கோமதிநாயகம் சார் தன் வீட்டு மாடியில் எனக்கு அதை விளக்கினார். பழகிக்கொள்வதற்காக ஒன்றை வாடகைக்கு எடுத்து வைத்திருந்தார்.

"இது பொய்யக் கண்டுபிடிக்கிற மிஷின் இல்லம்மா. ஒருத்தன் எவ்வளவு உறுதியாச் சொல்லுதான்னு அளக்கிற மிஷின். ஒவ்வொருத்தன் மண்டையும் ஒவ்வொரு மாதிரி. தராசுல மொதல்ல படிக்கல் வைக்கணும்லா? அந்தப் படிக்கல்லுதான் சாமி."

சட்டத்தில் சத்தியம் எப்போதும் இரண்டு வகை. கடவுள் அறியச் சொல்வது ஒன்று, உளமாரச் சொல்வது இன்னொன்று. மிஷினைச் செய்தவர்கள் அதையே அளவாக வைத்துக்கொண்டார்கள். கடவுள் உண்டு என்று அடித்துச் சொல்பவனுக்கு அந்த உறுதி அளவாக அமையும். இல்லை என்று அடித்துச் சொல்பவனுக்கும் அமையும். இரண்டுக்கும் பச்சை விளக்குதான். அதன் பிறகு அவன் சொல்லும் ஒவ்வொரு சாட்சியத்தையும் அந்த அளவோடு ஒப்பிட்டு, பச்சை அல்லது சிவப்பு எரியும். நான் கை வைத்து இல்லை என்றேன். விளக்கு யோசிக்காமல் பச்சை காட்டியது. என் தம்பி கொலை செய்யவில்லை என்றேன். அதற்கும் பச்சை.

"ரொம்பச் சந்தோஷம். ஆனா நீங்க சாட்சி இல்லையே. உங்க அண்ணாச்சி வச்சா மஞ்சள் எரியுது. உண்டுன்னு சொன்னாலும் மஞ்சள், இல்லன்னு சொன்னாலும் மஞ்சள். படிக்கல் இல்லாம அவர் சாட்சிய எதை வச்சு நிறுக்க?" என்றார் வக்கீல். மஞ்சள் எரிந்தால் சாட்சி செல்லாது. சாட்சி செல்லாவிட்டால் கிளிட்டஸுக்கு ஆயுள் தண்டனை.

மங்கலத்துக்கு என்று இருந்த மஞ்சளை இந்தச் சூடம் வந்து அவச்சொல் ஆக்கிவிட்டது. பெண் பார்க்க வருகிறவர்கள் பையன் பச்சையா மஞ்சளா என்று கேட்கிறார்கள். எந்தச் சாமிக்குப் பச்சை என்பதில் இப்போது அவ்வளவு கவலை இல்லை, சாமியே இல்லை என்கிற பச்சையாக இருந்தாலும் கட்டிக்கொடுத்துவிடுகிறார்கள். மஞ்சள் மட்டும் யாருக்கும் ஆகாது. வீடு வாடகைக்குக் கேட்டால்கூட, மஞ்சளா, பிறகு சொல்கிறோம் என்கிறார்கள். எங்கள் தெருவிலேயே உறுதிப் பயிற்சி நிலையம் ஒன்று உண்டு. காலையில் பக்தி வகுப்பு, மாலையில் பகுத்தறிவு வகுப்பு, இரண்டுக்கும் வாத்தியார் ஒருவரே. அவருக்கு எந்த விளக்கு எரியும் என்று யாரும் கேட்டதில்லை.

அண்ணாச்சிக்கும் இதில் ஆபத்து இருந்தது. கோர்ட்டில் எல்லார் முன்னாலும் மஞ்சள் எரிந்தால், அவர் படகில் ஏற ஆட்கள் வரமாட்டார்கள். கடலில் போகிறவனுக்கு டிரைவர் ஏதாவது ஒரு பக்கம் உறுதியாக நிற்க வேண்டும். இது தெரிந்தும் அவர் சாட்சி சொல்ல மாட்டேன் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காக அவர் காலில் விழலாம். ஆனால் ஒரு பக்கமும் சாயாமல் நின்றாரே, அதற்காகக் கழுத்தை நெரிக்கலாம் போலவும் இருந்தது.

முதலில் அவரைப் பக்தர் ஆக்கிவிடலாம் என்று கிளம்பினேன். மாலை போட்டவர்களைக் கண்டால் சிரிப்பு, செபமாலையைக் கண்டால் எரிச்சல் என்று வளர்ந்த நான், அவரைக் கூட்டிக்கொண்டு ஆறுமுகமங்கலம் போனேன். அவர் பேருக்கு உரிய சாமி முன்னால் நின்று நன்றாகத்தான் கும்பிட்டார். கண்ணை மூடினார், திருநீறு பூசினார், எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. திரும்பி வரும் வழியில் என்ன அண்ணாச்சி, ஏதாவது தெரிந்ததா என்றேன். நல்ல காற்று அங்கே என்றார். மறுநாள் அம்மா தன் பங்குக்கு மாதா கோயிலுக்கு அழைத்துப் போனாள். அங்கே முழந்தாள்படியிட்டுக் கண்ணீர்கூட விட்டாராம். நேரே வக்கீல் வீட்டு மாடிக்கு ஓடினோம். மஞ்சள்.

சரி, நம் பாதைக்கே இழுத்துவிடலாம் என்று நான் பேசத் தொடங்கினேன். கடையை அடைத்துவிட்டுப் பேசினேன். பூகம்பம், கான்சர் வார்டு, கடலில் போய்த் திரும்பாதவர்கள் என்று ஒன்று விடாமல் சொன்னேன். எல்லாவற்றுக்கும் அவர் சரிதான் தாயி, சரிதான் தாயி என்று தலையாட்டினார். அப்படியென்றால் இல்லை என்று ஒத்துக்கொள்ளுங்கள் என்றதும், அந்தத் தலை நின்றுவிட்டது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. ஒரு உயிர் தொங்குகிறது, உங்களுக்கு இதில் என்ன வீம்பு என்று கத்தினேன். அவர் கோபப்படவில்லை. என் மேசையில் கிடந்த டீசல் குழாய் ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு புயல்ல எஞ்சின் நின்னு போச்சு தாயி. அலை பொரட்டி எடுக்கு. தெரிஞ்ச சாமி தெரியாத சாமி எல்லாத்தையும் கூப்பிட்டேன். ஸ்டார்ட் ஆயிட்டு. கரைக்கு வந்து கழட்டிப் பாத்தா ஏர் லாக். படகு பொரண்டதுல குழாய்ல இருந்த காத்து தானா வெளிய போயிருக்கு."

"அப்ப முடிஞ்சுதுல்லா. சாமி இல்ல, காத்துதான்," என்றேன்.

"நானும் அப்படித்தான் சொன்னேன். சரியா அந்நேரம் படகப் பொரட்டுனது யாருன்னு மனசு கேக்கு. அலைதான்னேன். அதே அலைதான எங்க அய்யாவக் கொண்டு போச்சுன்னு கேக்கு. அதுக்கு மேல தெரியல. நான் சும்மா சொல்லல தாயி. தேடிப் பாத்துட்டுத்தான் தெரியலன்னு சொல்லுதேன்."

வீட்டுக்கு வந்து படுத்தேன், இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நடந்தேன். அம்மா ஒரு மூலையில் செபம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு பச்சை, எனக்கு ஒரு பச்சை, நடுவில் இந்த மனிதர் ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு என் தம்பியின் கழுத்தில் நிற்கிறார் என்று நினைத்தேன்.

அந்த வாரத்துக்கு முந்தின விசாரணையிலேயே சந்தனமாரி சாட்சி சொல்லி முடித்திருந்தாள். நெற்றி நிறையக் குங்குமத்தோடு வந்தாள். தட்டில் கை வைத்துச் சாமி அறிய என்றாள், பச்சை. கிளிட்டஸ்தான் ஓடினான் என்றாள், பச்சை. எப்படி அடையாளம் தெரியும் என்று எங்கள் வக்கீல் கேட்டார். ஊதாச் சட்டை போட்டிருந்தான் என்றாள். அது கோயில் திருவிழாவுக்கு வியாகுலம் தன் படகு ஆட்கள் எல்லாருக்கும் ஒரே மாதிரி எடுத்துக் கொடுத்த சட்டை. வக்கீல் அதைச் சொல்லிப் பார்த்தார். அரசுத் தரப்பு வக்கீல் வாயே திறக்கவில்லை, விளக்கைக் காட்டினார். பச்சை எரிந்த பிறகு சட்டையைப் பற்றி யார் கேட்கப் போகிறார்கள்?

அண்ணாச்சியின் முறை வந்தது. வெள்ளை வேட்டி கட்டி, தலையைப் படிய வாரியிருந்தார். கூண்டில் ஏறியதும் கோர்ட் ஊழியர் நெற்றியில் வில்லையை ஒட்டினார். கடவுள் அறியவா, உளமாரவா என்று கேட்டார். கடவுள் அறிய என்றார் அண்ணாச்சி. மஞ்சள். கோர்ட்டில் ஒரு சலசலப்பு. உளமார என்றார். மஞ்சள். பின் வரிசையில் அவர் படகு ஆட்கள் இருந்தார்கள், ஒருவன் எழுந்து வெளியே போனான். சாட்சியை இறக்கிவிடலாமே என்றார் அரசு வக்கீல். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றி, உங்களுக்கு என்னதான் நம்பிக்கை, தெளிவாகச் சொல்லுங்கள் என்றார்.

அண்ணாச்சி தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. "எனக்குத் தெரியலம்மா," என்றார்.

பச்சை எரிந்தது. என் பச்சை, அம்மாவின் பச்சை, சந்தனமாரியின் பச்சை எல்லாவற்றையும் விட அழுத்தமாக எரிந்தது. ஊழியர் மிஷினில் கோளாறு என்று நினைத்து வில்லையைக் கழற்றி மறுபடி ஒட்டினார். அண்ணாச்சி மறுபடி தெரியல என்றார். மறுபடி பச்சை. எங்கள் வக்கீல் துள்ளி எழுந்தார். சட்டத்துக்கு வேண்டியது உறுதியான ஒரு வாக்கியம்தான், இதைவிட உறுதியாக ஒருவர் எதைச் சொல்ல முடியும் என்று வாதாடினார். நீதிபதி கண்ணாடியை மறுபடி மாட்டி விளக்கைப் பார்த்தார். பிறகு சாட்சியத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. பக்கத்தில் அம்மா சிலுவை போட்டாள், அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எதிர்க் கூண்டில் கிளிட்டஸ் என்னைப் பார்த்துச் சிரித்தான்.

அரசு வக்கீல் எழுந்தார். அன்று சாயங்காலம் முழுக்கக் கிளிட்டஸ் உங்கள் கேபினில் இருந்தானா என்று கேட்டார். முதல் கேள்வியே அதுதான். நாங்கள் அத்தனை நாளும் காத்திருந்த கேள்வி.

"வந்தான். பேசிக்கிட்டு இருந்தோம். மழைக்கு இதமா இருந்துச்சு, நான் கண்ணசந்துட்டேன். முழிச்சப்ப இருந்தான். நடுவுல எந்திரிச்சுப் போனானான்னு எனக்குத் தெரியல."

பச்சை.

"முழிச்சப்ப அவன் எப்படி இருந்தான்?" என்றார் அரசு வக்கீல்.

"தலை ஈரமா இருந்துச்சு. எங்க கேபினும் ஒழுகும். எந்த ஈரம்னு தெரியல."

பச்சை.

அந்த ஒரு வாரத்தில் அவரிடம் கடவுளைப் பற்றி எவ்வளவு பேசினேன். கோயிலுக்கு இழுத்துப் போனேன், கத்தினேன், கெஞ்சினேன். அன்று சாயங்காலம் கேபினில் என்ன நடந்தது என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தெரியுமே. தம்பி சொல்லியிருந்தானே, மழை விடும்வரை பேசிக்கொண்டே இருந்தோம் என்று. கூண்டில் நின்ற அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். எங்கள் வக்கீல் பேனாவை மூடிவிட்டார். அப்போது பின்னாலிருந்து சந்தனமாரி எழுந்து முன்னால் வந்தாள். ஊழியர் தடுத்தார், அவள் நிற்கவில்லை. அவளை நான் எத்தனை நாள் மனசுக்குள் கரித்துக் கொட்டியிருப்பேன். என்னையும் இன்னொரு வாட்டி வையுங்கள் அம்மா என்று நீதிபதியைப் பார்த்துக் கேட்டாள். அரசு வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி சம்மதித்தார். அவள் சாமி அறிய என்றாள், பச்சை எரிந்தது.

"நான் அன்னிக்குப் பொய் சொல்லலம்மா. மொத நாளு அவன் கத்துனதக் கேட்டிருந்தேன். ஊதாச் சட்டையப் பாத்ததும் அவன்தான்னு மனசு சொல்லிட்டு. இந்த அண்ணாச்சி வேலை போனாலும் பரவாயில்லன்னு நிக்காவ. எனக்கும் கண்ணு என்ன பாத்துதோ அதத்தான சொல்லணும். சட்டை தெரிஞ்சுது. முகம் தெரியல."

பச்சை எரிந்தது. முன்பு அவனைத்தான் பார்த்தேன் என்றபோது எரிந்த அதே பச்சை. நீதிபதி அந்த விளக்கைப் பார்த்த பார்வையில், இனி ஒரு நாளும் அதை நம்ப மாட்டார் என்று தோன்றியது.

தீர்ப்பு நாளில், சந்தேகத்தின் பலனை எதிரிக்கு அளித்து விடுதலை செய்கிறேன் என்று வாசித்தார்கள். கோர்ட் தமிழில் எதிரி என்றால் குற்றம் சாட்டப்பட்டவன். அம்மா அங்கேயே முழந்தாளிட்டு அழுதாள். வராந்தாவில் வக்கீலைப் பிடித்து நிறுத்தினேன்.

"குற்றம் செய்யலன்னு சொல்லலையே சார்."

"செஞ்சான்னும் சொல்லலல்லாம்மா. தம்பியக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போங்க," என்றார்.

அண்ணாச்சியைப் படகிலிருந்து இறக்கிவிட்டார்கள். இப்போது கரையில் எஞ்சின் வேலை பார்க்கிறார், என் கடையில்தான் சாமான் வாங்குகிறார். எங்கள் தெருப் பயிற்சி நிலையத்தில் தெரியல என்று உறுதியாகச் சொல்வதற்கும் ஒரு வகுப்பு தொடங்கிவிட்டார்கள். சேர்ந்து படித்தவர்களுக்கு எல்லாம் மஞ்சள் எரிகிறதாம். அதைச் சொல்லி நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை. தம்பி நல்லா இருக்கானா தாயி என்று மட்டும் கேட்டார். நல்லா இருக்கான் அண்ணாச்சி என்றேன்.

கிளிட்டஸ் வீட்டுக்கு வந்த அன்று அம்மா சீலா மீன் குழம்பு வைத்தாள். ஜெயிலில் மெலிந்திருந்தான், சோற்றைப் பிசைந்து சாப்பிட்டான். அம்மா அவன் தலையைத் தடவிக்கொண்டே, என் மாதா கைவிடவில்லை என்று சொல்லிவிட்டு விளக்கேற்ற எழுந்து போனாள். நான் குழம்பு ஊற்ற நின்றேன். அன்றைக்கு மழை விடும்வரை பேசிக்கொண்டே இருந்ததாகச் சொன்னாயே என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். எனக்கு முன்னால் அவன் பேசிவிட்டான்.

"ஊர்ல எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்லுதாங்க. ஒனக்கு மட்டும் ஆரம்பத்துல இருந்தே தெரியும்லாக்கா? நான் செய்யலன்னு?"

"தெரியும்லே," என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கரண்டி பிடித்திருந்த என் கையை, அது சூடத்தின் தட்டில் இருப்பது போலப் பார்த்தான்.